கயிறு பிடிப்பவன்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். சிலாவத்துறையில் நான் நடத்திய சின்னக் கடையில் ஃபோட்டோகொப்பி மெசினைத் துணியால் மூடிவிட்டு, கலியாண வீடியோ வெட்டும் கொம்பியூட்டரை மட்டும் படங்குத் துண்டில் சுற்றினேன். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் கட்டி, குழி கண்ட இடமெல்லாம் இறங்கித் தள்ளி, கொண்டச்சி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இரண்டு கிழமையில் திரும்பக் கொண்டுபோகலாம் என்ற நினைப்பு. இரண்டு வருடம் அது அந்த வீட்டிலேயே இருந்தது.

அந்த இரண்டு வருடமும் ஒரே கேள்வியோடு நான் மல்லுக்கட்டினேன். இந்தக் கார்ட் ஏன் மெதுவாகிறது?

கார்ட் என்றது உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்ட்டை. என்விடியா ஜிடிஎக்ஸ் 960. 2015இல் வந்த வகை. 1024 கணிப்புக் கருக்கள், 120 வாட். வீடியோவுக்கு நிறம் திருத்துவதற்காகக் கொழும்பில் ஒருவர் பாவித்ததை வாங்கியிருந்தேன். ஊரடங்கில் கலியாணம் இல்லை, வீடியோவும் இல்லை. பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மருமகன், என் ராத்தாவின் மகன், பல்கலைக்கழகத்தை மூடியதால் ஊருக்கு வந்திருந்தான். ஒரு நாள் இரவு அவன் கேட்டான்.

"மாமா, இது சும்மாதானே கிடக்குது. கொரோனாவுக்கு வேலை செய்ய விடுவமா?"

அப்படித்தான் ஃபோல்டிங் அட் ஹோம் என்ற பெயரை முதலில் கேட்டேன். 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கிய திட்டம் அது. நம் உடம்பிலும் கிருமிகளிலும் இருக்கும் புரதங்கள் ஓயாமல் மடிந்து விரிந்து அசைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அசைவை அணு அணுவாகக் கணக்கிட்டுப் பார்த்தால், மருந்து போய் ஒட்டக்கூடிய இடுக்கு எங்கே, எந்தக் கணத்தில் திறக்கிறது என்று கண்டுகொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கின் ஒவ்வொரு அடியும் ஒரு செக்கனைக் கோடியால் பிரித்து, அதையும் கோடியால் பிரித்தாலும் அதிலும் சிறியது. ஒரு கொம்பியூட்டர் எத்தனை ஆயுள் இருந்தாலும் முடிக்காது. அதனால் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி உலகமெங்கும் உள்ள வீட்டுக் கொம்பியூட்டர்களுக்குப் பங்கு வைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கை முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த மாதம் உலகமே அதில் குவிந்தது. மார்ச் இறுதியில் எல்லோருடைய வேகத்தையும் கூட்டினால் செக்கனுக்கு ஒன்றரை எக்ஸாஃப்ளொப் என்றார்கள். ஏப்ரல் நடுவில் 2.4. ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சைபர் போட்டால் ஒரு எக்ஸா. அந்த நேரத்தில் உலகின் எந்தத் தனி சுப்பர் கொம்பியூட்டரிடமும் அந்த வேகம் இருக்கவில்லை. ஆட்கள் கூடியதால் அனுப்பத் துண்டுகள் போதாமல் போயின. நான் பதிந்த முதல் நாட்களில் என் கார்ட் வேலை கேட்டு வாசலில் நின்றதே அதிகம். அதே மார்ச் 31இல், வேற்றுலகச் சமிக்ஞை தேடிய செட்டி அட் ஹோம், 1999 முதல் ஏறக்குறைய 21 வருடம் செய்த வேலையை அனுப்புவதை நிறுத்தியது. அந்தக் கார்ட்களும் இங்கே வருமா என்று மருமகனிடம் கேட்டது நினைவிருக்கிறது.

எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த ஏப்ரலில் இலங்கையில் கொரோனாவில் இறக்கும் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த விதி இருந்தது. கொண்டச்சியில் இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு நோயின் பயம் ஒரு பங்கு, மையித்தை அடக்க விடமாட்டார்கள் என்ற பயம் மூன்று பங்கு. உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்டதே அதுதான்: "மௌத்தானா மண்ணுக்குள்ள போக வை யா அல்லாஹ்." நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. ஒரு பழைய கார்ட் மட்டும் இருந்தது. அது ஒரு செக்கன் பிந்தினாலும் என் நெஞ்சில் இடித்தது.

வேகத்தை அளக்கும் முறை எளிது. ஒரு பங்கை நூறாகப் பிரித்து, ஒரு வீதம் முடிய எவ்வளவு நேரம் என்று திரையில் காட்டும். முதல் நாள் எனக்கு 3 நிமிடம் 10 செக்கன். அப்படியென்றால் ஐந்தே கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஒரு பங்கு. மகளின் பழைய பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் திகதி, நேரம், திட்ட இலக்கம், வீதத்துக்கான நேரம், கார்ட்டின் வெப்பம் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன். அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது.

சித்திரை மாதம் கொண்டச்சியில் காற்று செத்துவிடும். வாடை முடிந்திருக்கும், சோளகம் தொடங்கியிருக்காது. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடக்கும். கஜுத் தோட்டத்துப் பக்கம் ஒரு இலை அசையாது. 1990இல் வடக்கு முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த நாங்கள், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து கட்டியது எங்கள் வீடு, மேலே தகரம். நடுப்பகலில் அந்தத் தகரத்தின் கீழே இருப்பது சட்டிக்குள் இருப்பது. கொப்பியில் ஏப்ரல் 11க்கு நேரே எழுதியிருக்கிறேன்: விடிய 3.10, பகல் இரண்டு மணிக்கு 4.05, இரவு 3.20.

இது புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்தது. கார்ட்டுக்குள்ளே ஒரு வெப்ப எல்லை இருக்கிறது. என்னுடையதற்கு 80 பாகை. அதைத் தொட்டதும் அது தன் துடிப்பைத் தானே குறைக்கும். 1300 மெகாஹேர்ட்ஸில் ஓடியது 1200க்கு வரும், பிறகு 1100. எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் குணம் அது. எங்கள் ஆட்கள் நண்பகலில் வலையை விட்டுவிட்டு நிழலுக்கு வருவதில்லையா, அதே அறிவு. கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றினேன், மேசை விசிறியை நேரே திருப்பினேன், கொம்பியூட்டரை மண் தரையில் ஒரு பலகையின் மேல் வைத்தேன். ஐந்து பாகை குறைந்தது.

மே மாதம் சோளகம் வந்தது. மன்னார்க் கரையில் சோளகம் என்றால் சும்மா காற்று இல்லை. செப்டெம்பர் வரை ஓயாது. அதை நம்பித்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டு, 100 மெகாவாட் தம்பபவனி திட்டத்தை அந்த வருட டிசெம்பரில் திறந்தார்கள். எங்கள் அறை குளிர்ந்தது. கார்ட் 72 பாகைக்கு வந்தது. கொப்பியில் 3.08 என்று எழுதி, பக்கத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்றும் எழுதியிருக்கிறேன்.

மூன்று கிழமை. அவ்வளவுதான். ஜூனில் காற்று அடிக்க அடிக்க வெப்பம் ஏறத் தொடங்கியது. 76, 79, 80. அறை குளிராக இருக்கிறது, கார்ட் கொதிக்கிறது. எனக்கு விளங்கவில்லை. மருமகன் வெப்பம் கடத்தும் தகட்டைக் கழற்றிக் காட்டினான். கடல் மணலின் மாவும் உப்பும் ஈரமும் சேர்ந்து, தகட்டின் இடுக்குகளில் பழைய சாந்து மாதிரி இறுகியிருந்தது. குளிர்மை தந்த காற்றுத்தான் அதைக் கொண்டுவந்து அடைத்திருந்தது. கதவைத் திறந்து வைத்தது நான்.

சைக்கிள் பம்பால் ஊதினோம். விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். விட்டால் அளவுக்கு மேல் சுற்றி அச்சுத் தேய்ந்துவிடும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. மன்னார் டவுணில் ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு சின்னக் குழாய் வாங்கி, பயறளவு வைத்து மறுபடி பொருத்தினோம். மதர்போர்ட்டில் செருகும் பொன்னிறப் பல்லுகளில் பச்சை படர்ந்திருந்தது. மகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்தேன். அந்தப் பல்லுகள் அழுக்கானால் பதினாறு பாதையில் போக வேண்டிய தரவு நான்கு பாதையில் நெருக்கியடித்துப் போகும். ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளில் அது தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. கார்ட் சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இணைப்பின் வேகத்தைத் தானே குறைத்துக் காட்டும். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நான் அதை அறியாமல் ஒரு முழு நாள் அழிறப்பரோடு இருந்தேன்.

பக்கக் கதவைப் பூட்டி, காற்று உள்ளே போகும் வாயில் ராத்தாவின் பழைய வொயில் முந்தானையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். வெள்ளிக்கு வெள்ளி அதைக் கழுவிப் போட்டேன். 74 பாகை. அதற்குப் பிறகு வெப்பம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

ஆனால் கார்ட் மெதுவானது நிற்கவில்லை.

வெப்பத்தால் வருவது மெல்ல மெல்ல வரும். இது இரவு ஏழரை மணிக்குத் திடீரென்று வந்தது. திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. அதற்குப் பிறகு ஒரு வீதத்துக்கு ஏழு நிமிடம். கார்ட்டைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, 55 பாகை. வேலை நூறு வீதம் என்று காட்டுகிறது, துடிப்பு மட்டும் பாதிக்கும் கீழே. விடிய அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அதே நேரத்தில் மறுபடி.

நேரத்தை வைத்துத்தான் பிடித்தோம். மஃரிபுக்குப் பிறகு ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், தண்ணீர் மோட்டர் ஓடும். எங்கள் வீடு கம்பியின் கடைசியில். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அந்த நேரத்தில் 190க்கும் கீழே வந்ததை மருமகனின் மீற்றர் காட்டியது. நல்ல பவர் சப்ளை என்றால் அதைத் தாங்கும். என்னுடையது கேசிங்கோடு வந்த மலிவான சாமான். கார்ட்டுக்குப் போகும் ஆறு முள் வயரும் நேரே வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் வயரில் மாட்டிய அடப்டரில் இருந்து வந்தது. அதைக் கழற்றியபோது ஒரு முள் கபில நிறமாகக் கருகி, பிளாஸ்டிக் மணத்தது. மின்சாரம் தளும்பும்போது கார்ட் இரண்டு செக்கன் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவரைத் தானே நிறுத்தி மறுபடி எழுப்பும். எழுந்த கார்ட் பழைய துடிப்புக்கு வராமல் நோயாளி மாதிரிக் கீழேயே நிற்கும். மறுபடி அணைத்துப் போடும் வரை அப்படித்தான். மென்பொருள் இதை ஒரு பிழை என்று சொல்லாது. வேலை நடந்துகொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. அந்த முள் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்திருந்தால் தகரக் கூரையின் கீழே தீப்பிடித்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது. அடுத்த மாதக் கடை வருமானம் முழுவதையும் கொடுத்து நல்ல பவர் சப்ளை ஒன்று வாங்கினேன்.

பிறகு ஒரு பேராசை. வேகம் காட்டும் இன்னொரு மென்பொருளில் நினைவகத்தின் துடிப்பு 3004 என்று இருந்தது. இந்தக் கார்ட்டுக்கு 3505 இருக்க வேண்டும். ஏதோ பழுது என்று பதறிப்போனேன். பழுதில்லை. இந்த வகைக் கார்ட்கள் விளையாட்டுக்கு ஒரு நிலையிலும் கணக்குக்கு ஒரு படி தாழ்ந்த நிலையிலும் ஓடும்படி டிரைவரே வைத்திருக்கிறது. விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் கண் காணாது. கணக்கில் ஒரு எண் பிசகினால் அதற்குப் பிறகு வரும் எல்லாம் பிசகும். அந்த நியாயத்தை உணராமல் கையால் 3505க்கு ஏற்றினேன். இரண்டு பங்கு நன்றாக ஓடியது. மூன்றாவதில், 60 வீதம் தாண்டிய இடத்தில், அணுக்களின் நிலை கெட்டுவிட்டது என்று மென்பொருள் கண்டுபிடித்து, கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பியது. மறுபடி கெட்டது. மறுபடி திரும்பியது. கடைசியில் பங்கையே தூக்கி எறிந்தது. நான்கு மணி நேர மின்சாரமும், அந்தப் பங்குக்காக எங்கோ காத்திருந்த ஒருவரின் நேரமும் போயின. அதே இரவில் துடிப்பைப் பழையபடி இறக்கினேன். பிறகு தொடவில்லை.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம்.

2020 ஓகஸ்ட்டில் மருமகன் கம்பஸுக்குப் போய்விட்டான். கார்ட் குளிராக இருந்தது, துடிப்பு 1300இல் நின்றது, மின்சாரம் சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வீதத்துக்கு 4 நிமிடம் 40 செக்கன். முதலில் திட்ட இலக்கத்தைப் பார்த்தேன், ஏனென்றால் ஒவ்வொரு திட்டத்திலும் புரதத்தின் அளவு வேறு, அணுக்களின் தொகை வேறு. ஒன்றில் 3 நிமிடம் எடுத்தால் இன்னொன்றில் 5 எடுக்கலாம். அதை வைத்துக் கார்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கடலில் ஒரு பாரில் முத்துச்சிப்பி பெரிது, இன்னொரு பாரில் சிறிது. முத்துக் குளிக்கும் குளியாளின் மூச்சில் குறை இல்லை. ஆனால் இது அதே திட்டம். ஜூனில் 3.10 எடுத்த அதே இலக்கம்.

வரைபடத்தைப் பார்த்தேன். கார்ட்டின் உழைப்பு நூறு வீதத்தில் கோடு போட்டது மாதிரி இருக்க வேண்டும். அது வாள் பல்லு மாதிரி ஏறி இறங்கியது. 95, 40, 90, 35. ஒவ்வொரு இறக்கத்திலும் கார்ட் சும்மா நின்றது. எதற்காகவோ காத்திருந்தது.

மருமகனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, சிபியுவில வேற ஏதும் ஓட விட்டீங்களா?"

விட்டிருந்தேன். அந்தக் கொம்பியூட்டரின் ஐ5 சிபியுவில் நான்கு கோர். மென்பொருள் தானாகவே மூன்றைத்தான் கணக்குக்கு எடுத்து ஒன்றை விட்டுவைத்திருந்தது. அந்த ஒன்று ஏன் சும்மா கிடக்கிறது என்று நினைத்து, இருக்கும் எல்லாமே உழைக்கட்டும் என்று நான் நான்கையும் கணக்குக்குக் கொடுத்திருந்தேன்.

"கார்ட்டை ஏசாதீங்க மாமா. அதுக்கு வேலை எடுத்துக் குடுக்க ஆளில்ல. அந்த ஒரு கோர் சும்மா இருக்கல்ல, அதுதான் கார்ட்டுக்குக் கை."

ஒவ்வொரு அடியிலும் கார்ட் ஆயிரக்கணக்கான விசைகளை ஒரே நேரத்தில் கணக்கிடும். முடிந்ததும் அடுத்த கட்டளையைச் சிபியுதான் கொடுக்க வேண்டும். அதற்காகச் சிபியுவின் ஒரு கோர் முழு நேரமும் வாசலில் நின்று, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோரை வேறு வேலைக்கு இழுத்துவிட்டால், கார்ட் முடித்துவிட்டுக் கையை நீட்டும். கட்டளை கொடுக்க ஆள் இருக்காது. ஒரு செக்கனின் மிகச் சிறிய பங்குதான் அந்தக் காத்திருப்பு. ஆனால் ஒரு பங்கில் அப்படி லட்சக்கணக்கான தடவை.

போனை வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து இருந்தபோது மூத்தவாப்பாவின் நினைவு வந்தது.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில், 90களின் நடுவில், ஊரைப் பற்றிக் கேட்டால் அவர் முத்துக்குளிப்பைப் பற்றித்தான் சொல்வார். 1925இல் நடந்ததைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர். அதற்கு முந்தியதைத் தன் வாப்பாவிடம் கேட்டவர். கொண்டச்சி அந்தக் காலத்தில் உலகத்துக்கே தெரிந்த பெயர். 1803இல் ரொபர்ட் பெர்சிவலும் 1807இல் ஜேம்ஸ் கோர்டினரும் வெளியிட்ட புத்தகங்களில் கொண்டச்சி வருகிறது. வெறும் மணலாகக் கிடக்கும் கரையில் குளிப்புக் காலத்தில் ஆயிரமாயிரம் பேர் வந்து கொட்டில் போட்டு ஒரு பட்டணம் எழுமாம். முடிந்ததும் சிப்பி ஓடும் நாற்றமும் மட்டும் மிஞ்சுமாம். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அந்தக் குளிப்பைப் பார்க்க அரிப்பில் கட்டிய டோரிக் மாளிகை கடல் அரித்துச் சுவர் சுவராக விழுவதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1905இல் நடந்த பெரும் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேலே சிப்பி எடுத்தார்கள். அதையும் இயந்திரம் எடுக்கவில்லை. ஒவ்வொரு மனிதனும் தன் மூச்சளவுக்கு எடுத்து வந்து கரையில் குவித்தது. அதில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு.

எல்லோரும் குளியாளைப் பற்றித்தான் பேசுவார்கள். மூத்தவாப்பா வள்ளத்தில் நின்ற ஆளைப் பற்றிப் பேசுவார். குளியாள் கல்லில் கால் வைத்து இறங்குவான். கல்லுக்கு ஒரு கயிறு, கூடைக்கு ஒரு கயிறு. மேலே நிற்பவன் அந்தக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வேறு எதையும் பாராமல் நிற்பான். குளியாள் அடியைத் தொட்டதும் கல்லை இழுத்துக்கொள்ள வேண்டும். கீழே இருந்து கயிறு சுண்டியதும் அந்தக் கணமே இழுக்க வேண்டும்.

"பாக்கிறவனுக்கு அவன் சும்மா நிக்கிற மாதிரித்தான் தெரியும்," என்பார். "அவனுக்கு ஒரு கண் சிமிட்டு நேரம் கவனம் போனா, கீழ இருக்கிறவனுக்கு ஒரு மூச்சுப் போச்சு."

சின்ன வயதில் அது எனக்கு ஒரு பழைய ஊரின் கதை. அன்றிரவு எழுந்துபோய் நான்கை மூன்றாக மாற்றினேன். வரைபடத்தில் வாள் பல்லு ஒவ்வொன்றாக நிரம்பி, நேர்கோடாகி, 98இல் நின்றது. ஒரு வீதத்துக்கு 3.09. நான்கு மாதம் கொதித்த கார்ட், கருகிய முள், நிறைந்த தூசி எல்லாவற்றையும் விட இது என்னை உலுக்கியது. உழைக்காமல் நிற்கிறான் என்று நினைத்து நான் வேறு வேலைக்கு அனுப்பியது கயிறு பிடித்தவனை.

அதற்குப் பிறகு பார்க்கும் முறையே மாறிவிட்டது. மெதுவாகிறது என்றால் முதலில் கார்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாகவும் மெதுவாகவும் இருந்தால் தூசியும் காற்றும். குளிராகவும் மெதுவாகவும் இருந்து, துடிப்பு விழுந்திருந்தால் மின்சாரமும் டிரைவரும். குளிராக இருந்து, துடிப்பு சரியாக இருந்து, உழைப்பு மட்டும் ஏறி இறங்கினால், கார்ட்டை விட்டுவிட்டு மேலே யார் நிற்கிறார் என்று பார்ப்பேன். ஒரு தடவை அது வைரஸ் தேடும் மென்பொருள். இன்னொரு தடவை மகளின் சூம் வகுப்பு. அந்த ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பதே முறை என்று முடிவெடுத்தேன். செப்டெம்பர் இறுதியில் ஃபோல்டிங் மென்பொருள் என்விடியா கார்ட்களுக்கு 'கூடா' (CUDA) என்ற கணிப்பு வழியைத் திறந்தபோது, எதையும் தொடாமலேயே ஒரு வீதத்துக்கு 2 நிமிடம் 40 செக்கனுக்கு வந்தது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் கயிறு இழுக்கும் விதத்தை மாற்றியிருந்தார்.

2021இல் அவர்களின் ஆய்வு நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் வந்தது. கொரோனாக் கிருமியின் முள்ளுப் புரதம் எப்படி வாயைத் திறக்கிறது என்பதையும், வெளியே தெரியாத இடுக்குகள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்பதையும் கணக்கிட்டிருந்தார்கள். எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேர அசைவு. உலகம் முழுவதும் உழைத்து அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு நேரத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மருமகன் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் உம்மாவுக்குக் காட்டினேன். "இதில எது எங்கட வீட்டுல செய்தது?" என்று கேட்டா. காட்ட முடியவில்லை. எட்டுக் கோடிச் சிப்பியில் எதைக் காட்டுவது?

2022 பிறந்ததும் மின்வெட்டு வந்தது. முதலில் ஒரு மணி, பிறகு ஐந்து, மார்ச் 30இல் பத்து, 31இல் பதின்மூன்று மணி நேரம். என் கொம்பியூட்டர் ஓடினால் ஒரு நாளுக்கு ஐந்து யுனிற் அளவில் போகும். நாட்டில் டீசலுக்கு வரிசையில் ஆட்கள் நின்று விழுந்துகொண்டிருந்தார்கள். வரும் கொஞ்ச மின்சாரத்தில் நான் புரதம் மடிக்க முடியாது. மார்ச் 31 பின்னேரம் முடிவெடுத்தேன்.

மென்பொருளில் வேலையை நிறுத்த இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று நிறுத்து. மற்றது ஃபினிஷ், கையில் இருக்கும் பங்கை முடித்துவிட்டு, புதிதாக வாங்காமல் நில் என்று அர்த்தம். இரண்டாவதை அழுத்தினேன். பங்கு அப்போது 61 வீதத்தில் இருந்தது. இந்தத் திட்டத்தில் ஐந்து வீதத்துக்கு ஒரு தடவைதான் சேமிக்கும். நடுவில் மின்சாரம் போனால் அந்த ஐந்துக்குள் செய்தது வீண். ஐந்து வீதத்துக்கு 13 நிமிடம் 20 செக்கன். கொப்பியில் மின்வெட்டு அட்டவணையை எழுதி, பக்கத்தில் கணக்குப் போட்டேன். தூசித் துணியைக் கழுவிப் போட்டேன். சிபியுவில் வேறு எதையும் ஓட விடவில்லை. மின்சாரம் வந்த நேரமெல்லாம் அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

31ஆம் திகதி இரவு கடைசியாகப் போனபோது 97 வீதம். திரும்பி வந்தது நடுச்சாமம் தாண்டி ஒரு மணிக்கு. எழுந்து போட்டேன். 95இல் இருந்து தொடங்கியது. கடலில் காற்றில்லை. கார்ட்டின் விசிறி மட்டும் கேட்டது. 96. 97. மகள் எழுந்து வந்து மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். 98. 99. முடிந்ததும் கைப்பேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு, சிக்னல் பிடிக்கும் கடற்பக்க யன்னல் கம்பியில் அதை வைத்துப் பிடித்தபடி நின்றேன். பங்கு போய்ச் சேர ஒன்பது நிமிடம் எடுத்தது.

வேலை முடிந்தது என்று திரையில் வந்தது. கொம்பியூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றினேன். உம்மா குசினிப் பக்கத்தில் இருந்து கேட்டா.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது உம்மா."

"அப்ப கரண்ட் இருக்கும்போதே மோட்டரைப் போடுவம்," என்றா. கிணற்றடியில் மோட்டர் உறுமத் தொடங்கியது. மேலே தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.